பி.கே. பானர்ஜியும் வோக்கல் டானிக்கும்

டாலிகஞ்ச் பக்கம் குடிவந்தால் ஒரு கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். எந்த ஊர், எந்த பேங்க், எத்தனை குழந்தைகள் எல்லாம் அப்புறம்தான். "நீங்க ஈஸ்ட் பெங்காலா, மோகன் பகானா?" நான் மெட்ராஸ்காரன், எனக்கு இதில் என்ன வேலை என்று நழுவவெல்லாம் முடியாது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது இங்கே எழுதாத சட்டம். இரண்டையுமே சாப்பிடாதவன் என்பதால் எந்தக் கட்சியிலும் சேராமல் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறேன் :-)

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது விளையாட்டுப் பைத்தியம் மாதிரித் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1947க்குப் பிறகு கிழக்கு வங்காளத்தில் இருந்து வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்கள் இந்தத் தென் கல்கத்தாப் பக்கம்தான் காலனி காலனியாகக் குடியேறினார்கள். பிஜோய்கர், நேதாஜி நகர், ஆஜாத்கர் எல்லாம் அப்படி வந்த இடங்கள். எல்லாம் போனபிறகு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு ஃபுட்பால் கிளப்பின் பெயரில் மட்டும்தான். அதனால் ஈஸ்ட் பெங்கால் அவர்களுக்கு வெறும் கிளப் கிடையாது. வெளியூரில் பிழைக்கும் நமக்கு இது புரியாமல் இருக்குமா என்ன? ஆடிப்பெருக்கு, பொங்கல் என்று லேக் மார்க்கெட்டில் போய்க் கொத்துமஞ்சள் தேடுகிறோமே, அந்த மாதிரிதான்.

இந்த இரண்டு கட்சியும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளும் ஆட்கள் ரொம்பக் குறைவு. அதில் ஒருவர் பிரதீப் குமார் பானர்ஜி. சுருக்கமாக பி.கே. இந்தியாவுக்கு ஆடிய முன்கள ஆட்டக்காரர், பிறகு பெரிய கோச். 2020 மார்ச் 20ஆம் தேதி, ஊரடங்குக்கு ஐந்து நாள் முன்னால், 83 வயதில் காலமானார். அன்றைக்கு எல்லோர் வாயிலும் கொரோனா. ஒரு வீரருக்குக் கிடைக்க வேண்டிய ஊர்வலமும் பேச்சும் அவருக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி நம்ம மக்களுக்கு ஒரு பதிவு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தது. கைக்கு நேரம் இப்போதுதான் வந்தது. எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது, அது பின்னால் வரும்.

முதலில் ஒரு விநோதம். கல்கத்தாவே கொண்டாடும் இந்த மனிதர், ஆட்டக்காரராக ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடவில்லை, மோகன் பகானுக்கும் ஆடவில்லை!

பிறந்தது 1936 ஜூன் 23, வடக்கு வங்காளத்தில் ஜல்பாய்குரி பக்கம். வளர்ந்தது ஜாம்ஷெட்பூரில். அது அப்போது பீகார். 15 வயதிலேயே சந்தோஷ் டிராபியில் பீகாருக்காக ஆடிவிட்டார். 1954ல் கல்கத்தா வந்து ஆர்யன் கிளப்பில் ஒரு வருஷம். 1955ல் ஈஸ்டர்ன் ரயில்வேயில் சேர்ந்தார். அதோடு சரி, கடைசிவரை அங்கேதான். பெரிய கிளப்புகள் கூப்பிடாமல் இல்லை. பெரிய குடும்பம், தலையில் பொறுப்பு, மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை. அதை விட்டுவிட்டு மைதான் பக்கம் கைதட்டலை நம்பிப் போக அவர் தயாராக இல்லை. அந்தக் காலத்தில் இந்தியாவில் ஃபுட்பால் ஆடிச் சம்பாதித்துச் சொத்து சேர்த்தவர் என்று யாரும் கிடையாது. ஆட்டம் என்பது வேலைக்கு ஒரு வழி. அவ்வளவுதான்.

ஆனால் அந்த ரயில்வே டீமை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த காரியம் இருக்கிறதே! 1958ல் கல்கத்தா லீக் கோப்பையை ஈஸ்டர்ன் ரயில்வே ஜெயித்தது. கோச் பாகா சோம். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றையும் தாண்டி ஓர் ஆபீஸ் டீம்! அதற்குப் பிறகு இந்த மூன்று கிளப்பும் அல்லாத ஒரு டீம் அந்தக் கோப்பையைத் தொட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் பியர்லெஸ் ஜெயித்தது. நடுவில் 61 வருஷம். ஆபீஸ் டீம் என்றால் லேசாக நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

நாட்டுக்காக ஆடியது தனிக்கதை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்து அரையிறுதிக்குப் போய், கடைசியில் நான்காவது இடம் வந்தது. பி.கே. அந்த டீமில் இருந்தார், வயது 20. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் அவரே கேப்டன். பிரான்சுக்கு எதிராக 1-1 டிரா. நம் பக்கத்து கோல் அவருடையது. 1961ல் அர்ஜுனா விருது தொடங்கியபோது, ஃபுட்பாலில் அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

உச்சம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை என்பதற்கு நம்ம ஊர் அதிகாரி ஒருவர் எதிர்ப்புத் தெரிவிக்கப்போக, ஊரே இந்தியர்கள் மேல் கொதித்துப்போயிருந்தது. செப்டம்பர் 4, இறுதி ஆட்டம், எதிரே தென் கொரியா. முதல் சுற்றில் நம்மை 2-0 என்று அடித்த அதே டீம். மைதானம் நிறைய ஜனம், அத்தனை பேரும் நமக்கு எதிராகக் கத்துகிறார்கள். 17வது நிமிஷம் பி.கே. கோல். மூன்று நிமிஷத்தில் தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் இன்னொரு கோல். 2-1 என்று முடிந்தது. தங்கம்!

இந்த இடத்தில் நம்ம மக்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். சுனி கோஸ்வாமி, பி.கே., பலராம் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வது இங்கே வழக்கம். அதில் துளசிதாஸ் பலராம் செகந்திராபாத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் டீமில் இருந்து வந்தவர். "நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டால் நான் இந்த இரண்டு பெயரைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

அந்த டீமின் கோச் ஹைதராபாத் சையது அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஜகார்த்தாவில் அவர் உடம்புக்குள் புற்றுநோய். எனக்கு ஒரு பரிசாக இந்தத் தங்கத்தைக் கொடுங்கள் என்று பையன்களிடம் கேட்டாராம். டீமில் இருந்தவர்கள் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் இது. அடுத்த வருஷம் ஜூன் 11 அன்று ரஹீம் போய்ச் சேர்ந்தார். ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியாவுக்கு அதற்குப் பிறகு தங்கம் கிடைக்கவில்லை.

ஒரு கோச் என்ன செய்ய முடியும் என்பதை 26 வயதில் பி.கே. அங்கேதான் பார்த்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். எதிரியின் பலம் பலவீனம் எல்லாம் சொன்னபிறகு, கடைசியில் ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம்தான் பதினொரு பேரை ஓடவைத்தது.

1967ல் காயங்கள் படுத்த, ஆட்டத்தை நிறுத்தினார். இங்கேதான் எனக்கு அவர் பிடித்துப்போகிறார். நன்றாக ஆடியவனுக்கு நன்றாகச் சொல்லித்தரவும் வரும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அப்படிக் கிடையாது. எங்கள் பழைய கிளை ஒன்றில் ஒரு சீனியர் இருந்தார். ராத்திரி எட்டு மணிக்கு நாலு ரூபாய் டேலி ஆகவில்லை என்றால், லெட்ஜரை ஒருமுறை புரட்டிவிட்டு விரலை வைப்பார், அங்கே இருக்கும் தப்பு! புதிதாகச் சேர்ந்த பையன்கள் "எப்படி சார்?" என்று கேட்டால், "பார்த்தா தெரியும்பா" என்பார். அவர் கர்வத்தில் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அவ்வளவுதான் தெரியும். கை செய்கிறது, வாய்க்கு அது எப்படி என்று தெரியாது. கோல் அடிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த ஜாதிதான்.

பி.கே. என்ன செய்தார்? மறுபடியும் மாணவனானார். 1969ல் ஜப்பானில் ஃபிஃபா நடத்திய கோச்சிங் படிப்பில் போய் உட்கார்ந்தார். வயது 33. ஒலிம்பிக் கேப்டன், ஆசியத் தங்கம், அர்ஜுனா விருது. இத்தனையும் இருந்தும் நோட்டுப் புத்தகத்தோடு கிளாஸில். வாத்தியார் ஜெர்மனிக்காரர் டெட்மர் கிராமர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் ஜப்பான் வெண்கலம் வாங்கியதற்குப் பின்னால் இருந்தவர். பிறகு 1975லும் 1976லும் பேயர்ன் மியூனிக்குக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக்கொடுத்தார். அப்படிப்பட்டவரிடம் பாடம் படித்து நல்ல பெயரோடு திரும்பினார் பி.கே.

அடுத்த வருஷமே பலன். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுக்கு ஜி.எம்.ஹெச். பாஷாவோடு சேர்ந்து கோச். நயீமுதீன் கேப்டன். ஜப்பானை 1-0 என்று அடித்து வெண்கலம். ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியா கடைசியாக வாங்கிய பதக்கம் அதுதான்.

1972ல் ஈஸ்ட் பெங்கால் அவரைக் கூப்பிட்டது. அந்த வருஷம் கல்கத்தா லீக்கை ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்தார்கள்! 1970ல் தொடங்கி 1975 வரை ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஆறு லீக் ஜெயித்ததில் கடைசி நான்கு இவர் காலம். 1973 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் வட கொரியாவில் இருந்து வந்த பியோங்யாங் டீமை 3-1 என்று அடித்தார்கள்.

கோப்பைகளைவிட எனக்குப் பிடித்தது சுபாஷ் பௌமிக் கதை. நல்ல உடல்வாகு, பயங்கர வேகம். ஆனால் 1973ல் மோகன் பகான் இனிமேல் இவர் தேறமாட்டார் என்று விட்டுவிட்டது. பி.கே. அந்த ஆளை எடுத்துக்கொண்டு வந்து, வேலை வாங்கி, மறுபடியும் ஆளாக்கினார். அடுத்த சில வருஷம் எதிர் டீமின் தடுப்பாட்டக்காரர்களுக்குத் தூக்கம் போனது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

எங்கள் வீட்டுக்காரர் சின்னப் பையனாக பரிசாலில் இருந்து வந்தவர். நாங்கள் மேஷோமஷாய் என்று கூப்பிடுவோம் (நம்ம ஊர் சித்தப்பா மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்). 1975 செப்டம்பர் 30 என்று யாராவது ஆரம்பித்தால் போதும், டீ ஆறிப்போகும். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. ஐந்தாவது நிமிஷம் சுரஜித் சென்குப்தா ஆரம்பித்துவைத்தார், ஷியாம் தாபா இரண்டு போட்டார். "ஐந்தாவது கோல் விழுந்தபோது பக்கத்தில் இருந்த முகம் தெரியாத ஆள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான் மேனேஜர் பாபு" என்பார். அதே ராத்திரியின் மறுபக்கமும் உண்டு. தோல்வி தாங்காமல் ஒரு மோகன் பகான் ரசிகர் உயிரை விட்டார். மேஷோமஷாய் அந்தக் கட்டத்தில் குரலைத் தாழ்த்திவிடுவார். "ஆட்டம்தானே, பாபா" என்பார். அவ்வளவு ஈஸ்ட் பெங்கால் வெறியருக்கும் அந்த இடத்தில் கட்சி கிடையாது.

1976ல் பி.கே. மோகன் பகானுக்குப் போனார். டாலிகஞ்ச் காலனிகளில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்பார்கள், கொஞ்சம் மிகையாக இருக்கலாம். போன வருஷம் ஐந்து கோல் வாங்கியவர்கள், இந்த வருஷம் லீக்கில் ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று தோற்கடித்தார்கள். ஆட்டம் தொடங்கிய 17வது வினாடியில் முகமது அக்பர் போட்ட கோல். 1977 செப்டம்பரில் பெலே தன்னுடைய நியூயார்க் காஸ்மாஸ் டீமோடு ஈடன் கார்டனுக்கு வந்தார். மோகன் பகான் 2-2 என்று டிரா செய்தது. பெலேயை நகரவிடாமல் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டவர் கௌதம் சர்க்கார். அந்த சீசனிலேயே ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, டூராண்ட், ரோவர்ஸ் மூன்றையும் மோகன் பகான் வாங்கியது.

ஆக, இங்கேயும் ஜெயித்தார், அங்கேயும் ஜெயித்தார். அப்படி என்ன மந்திரம்? கல்கத்தாப் பத்திரிகைகள் அதற்கு ஒரு பெயர் வைத்தன: வோக்கல் டானிக். ஆட்டத்துக்கு முன்னால் டிரெஸ்ஸிங் ரூமில் பி.கே. பேசும் பேச்சு. அதைக் கேட்டுவிட்டுச் சுவரைக்கூட முட்டிக்கொண்டு போவார்களாம் பையன்கள்.

பேங்கில் இருக்கிற நமக்கு இந்த டானிக் புதிதில்லை. மார்ச் மாதம் வந்தால் மேலிடத்தில் இருந்து தினமும் காலை பத்து மணிக்கு ஒரு டோஸ். டெபாசிட் எவ்வளவு, வாராக்கடன் எவ்வளவு, நேற்று ஏன் செய்யவில்லை, இன்று ஏன் செய்யமாட்டீர்கள்! போனை வைத்ததும் கிளையில் இருக்கிற பத்துப் பேரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஏன் பி.கே.யின் டானிக் வேலை செய்தது, இது வேலை செய்யவில்லை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த விடை இதுதான். முதலாவது, அவர் பேச்சு பத்து நிமிஷம் என்றால் அதற்குப் பின்னால் ஆறு மாதம் காலை நேரப் பயிற்சி இருந்தது. ஓட்டம், உடம்பு, திரும்பத் திரும்ப அதே பாஸ். தன்னால் முடியும் என்று கால்களுக்குத் தெரிந்தபிறகுதான் காதுக்கு டானிக் ஏறும். இரண்டாவது, அந்தப் பேச்சு எல்லோருக்கும் ஒரே பாட்டில் இல்லை. ஒருவனைக் கிண்டினால் எழுவான், இன்னொருவனைத் தட்டிக்கொடுத்தால்தான் எழுவான். எவன் எந்த ரகம் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் வித்தை. கோல் அடிக்கக் கால் வேண்டும். கோல் அடிக்கவைக்க, எதிரே இருப்பவனின் பாஷை வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் 1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் ஸ்டேடியம். வந்த ஜனம் 1,31,781. மோகன் பகானுக்கு அப்போது கோச் அமல் தத்தா. இவரும் பழைய ஆட்டக்காரர், இங்கிலாந்து போய் கோச்சிங் படித்துவந்தவர். டயமண்ட் சிஸ்டம் என்று ஒரு புது வியூகம் போட்டு எல்லோரையும் துவைத்துக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன் பேட்டிகளில் ஈஸ்ட் பெங்கால் ஆட்களுக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்து நக்கல் அடித்தார். பாய்ச்சுங் பூட்டியாவை 'சுங்-சுங்' என்றார். எதிர்ப்பக்கம் கோச் யார்? நம்ம பி.கே. திரும்ப ஈஸ்ட் பெங்காலில்! அவர் பதிலுக்கு வெளியே சண்டை போடவில்லை. அந்த நக்கலையே மருந்தாக்கி உள்ளே பையன்களுக்குக் கொடுத்தார். முடிவு: 4-1. பாய்ச்சுங் ஹாட்ரிக். 1976ல் இருந்து மன்னிக்காத மேஷோமஷாய், அன்றைக்குத்தான் பி.கே.யை மன்னித்தாராம். 21 வருஷக் கோபம்!

எல்லாம் வெற்றி என்று எழுதினால் பொய்யாகிவிடும். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் அவர் கோச்சாக இருந்த இந்தியா, சொந்த மண்ணில் காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் 0-1 என்று தோற்றது. 1986 சியோலில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. மற்ற ஆசிய நாடுகள் சின்னப் பையன்களில் இருந்து ஆரம்பித்துக் கட்டிக்கொண்டே போயின. நாம் லீக், டெர்பி என்று கல்கத்தாவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தோம். எவ்வளவு நல்ல டானிக்காக இருந்தாலும் சத்துள்ள சாப்பாட்டுக்குப் பதிலாகுமா? அது அவருக்கும் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். 90களில் பல வருஷம் ஜாம்ஷெட்பூர் டாடா கால்பந்து அகாடமியில் சின்னப் பையன்களைத் தயார் செய்தார். தான் வளர்ந்த அதே ஊரில்.

இப்போது சுபாஷ் பௌமிக். ஆட்டம் முடிந்து அவரும் கோச்சானார். 2002-03லும் 2003-04லும் ஈஸ்ட் பெங்காலுக்கு நேஷனல் லீக் வாங்கிக்கொடுத்தார். நடுவில் 2003 ஜூலை 26 அன்று ஆசியான் கிளப் கோப்பை இறுதியில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனாவை 3-1 என்று வீழ்த்தியது அவர் டீம். எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஜகார்த்தா! ரஹீமின் பேச்சைக் கேட்டு பி.கே. கோல் அடித்த அதே ஊர். பி.கே.யின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் 41 வருஷம் கழித்துத் தன் பையன்களோடு அங்கே நின்றான். வாத்தியார், சிஷ்யன், சிஷ்யனுக்குச் சிஷ்யன். 2012-13ல் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் ஐ-லீக் ஜெயித்தபோதும் பின்னால் இருந்தவர் பௌமிக்தான். 2022 ஜனவரி 22 அன்று அவரும் போய்விட்டார்.

இன்னொரு காரணம் என்று சொன்னேன் இல்லையா, அது இதுதான். என் மகனுக்கு 15 வயது. டாலிகஞ்ச் அக்ரகாமி கிளப்பின் பெயரைக் கேட்டு வளர்ந்த பேட்டை இது, பையன்கள் எல்லோர் காலிலும் பந்துதான். இவனும் ஒரு லோக்கல் கோச்சிங் கேம்ப்பில் முன்களத்தில் ஆடுகிறான். இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. கோச் காலையில் வாரத்துக்கு ஐந்து நாள் வரச்சொல்கிறார். அதே நேரத்தில் கணக்கு டியூஷன்.

"ஏங்க, நாம இவ்வளவு தூரம் வந்து கஷ்டப்படறது பந்து பொறுக்கறதுக்கா?" என்கிறாள் மனைவி. "அப்பா, நீங்கதானே பி.கே. கதை எல்லாம் சொன்னீங்க?" என்கிறான் அவன். வசமாக மாட்டிக்கொண்டேன்.

பி.கே. கதையில் மனைவி கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது, மகன் கட்சிக்கும் இருக்கிறது. வேலையை விடாத ஆள், அது மனைவிக்கு. ஆட்டத்தையும் விடாத ஆள், அது மகனுக்கு. ரயில்வேயும் பேங்கும் ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்துக் காத்த காலம் ஒன்று இருந்தது. நம்ம சென்னையில் இந்தியன் வங்கி டீமில் முன்களத்தில் ஆடிய சபீர் பாஷா இந்தியாவுக்கும் ஆடினார், பிறகு கோச்சாகி 2022ல் சென்னையின் எஃப்.சி.க்கே இடைக்காலத் தலைமைக் கோச்சாக நின்றார். பி.கே. போன அதே பாதை. 2014ல் ஐ.எஸ்.எல். வந்தபிறகு ஒப்பந்தக் காலம். பெரிய கிளப்பில் கிடைத்தால் நல்ல பணம், கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. அன்றைக்கு பி.கே.க்குக் கிடைத்த அந்த நடுப்பாதை குறுகிவிட்டது. இதைப் பையனிடம் மறைக்காமல் சொன்னேன். கிரிக்கெட் மேட்ச் ஸ்கோர் மாதிரி நோட்டில் கணக்குப் போட்டே காட்டினேன்.

அவன் கேட்டுக்கொண்டான். ஆனால் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. அன்று சாயங்காலம் கேம்ப்புக்குப் போய் ஓரமாக நின்றேன். அவனுடைய கோச், பழைய இரண்டாம் டிவிஷன் ஆட்டக்காரர், தோளில் கைவைத்து வங்காளத்தில் இரண்டே வரி ஏதோ சொன்னார். பையன் தலையாட்டிவிட்டு, மைதானத்தை இன்னும் நாலு சுற்று ஓடினான். வீட்டில் நான் அரை மணி நேரம் கொடுத்த டானிக் எந்தப் பாஷையில் இருந்தது என்று அப்போது யோசித்தேன். அது பி.காம். பாஷை. வட்டி, ரிஸ்க், ரிட்டர்ன். எனக்குப் பழகிய பாஷை.

அதனால் கோச்சிடமே போய்ப் பேசினேன். பரீட்சை முடியும்வரை வாரத்துக்கு மூன்று நாள் கேம்ப், மற்ற நாள் டியூஷன். கணக்கில் மார்க் குறைந்தால் அவரே இவனை ஆட்டத்தில் இருந்து உட்காரவைப்பார். இந்த நிபந்தனையைப் போட்டது நானில்லை, கோச்தான்! அவர் சொன்னதால் பையன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மனைவிக்குப் பாதிச் சமாதானம். மூன்று நாள் என்பது ஜூனில் ஐந்தாகுமா, இல்லை பூஜ்யமாகுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. இதுவரை டியூஷன் வாத்தியாரிடம் இருந்து புகார் இல்லை, கோச்சிடம் இருந்தும் புகார் இல்லை.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நம்ம எல்லோருக்கும் இந்தச் சிக்கல் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். பாட்டு, டான்ஸ், கிரிக்கெட், கம்ப்யூட்டர் கேம். நமக்குத் தெரிந்தது தானாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். ஒலிம்பிக் கேப்டனுக்கே அது தானாக வரவில்லை. 33 வயதில் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய நானும் கொஞ்சம் வங்காளம், கொஞ்சம் ஆஃப்சைடு எல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறேன். வங்காளம் பரவாயில்லை. ஆஃப்சைடுதான் பாடாய்ப் படுத்துகிறது.

பி.கே. போன நாற்பத்தோராவது நாள், 2020 ஏப்ரல் 30, சுனி கோஸ்வாமியும் போனார். மூவரில் கடைசியாக இருந்த பலராம் ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16 அன்று கண்மூடினார். நம்ம ஆளு. உடம்பு படுத்தியதால் 27 வயதிலேயே ஆட்டத்தை விடவேண்டி வந்தது, பத்மஸ்ரீயும் கடைசிவரை கிடைக்கவில்லை. அவரைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுத வேண்டும், சீக்கிரம் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பலராம் ஆட்டத்தையோ தங்கராஜ் ஆட்டத்தையோ நேரில் பார்த்திருந்தால், கேட்டு எழுதி அனுப்புங்கள். நான் மேஷோமஷாய்க்கு வங்காளத்தில் சொல்லிக்காட்ட வேண்டும்.